சென்சார் சொன்னாலும் விரலில் குத்திப் பாருங்கள்

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சுகர்க்காரருக்குக் கையில் சுகர் அளக்கும் சென்சார் ஒட்டப் போகிறீர்கள் என்றால், ஒட்டுவதற்கு முன்பே வார்டில் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். சுகர் குறைவு என்று காட்டினால், ஆள் நினைவோடு இருக்கும்வரை, விரலில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். இதை டாக்டரையே சொல்ல வைத்து, கேஸ் ஷீட்டிலும் எழுத வையுங்கள்.

என் மாமனார் மதுரை செல்லூரில் தறி நெய்தவர். காலமெல்லாம் மிதிகட்டை மிதித்த கால், சுகரால் மரத்துப்போய்விட்டது. பெருவிரலுக்கு அடியில் புண் வந்து சீழ் பிடிக்கும்வரை அவருக்கே தெரியவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணைச் சுத்தம் செய்ய ஆபரேஷன் என்றார்கள். அட்மிஷன், ஸ்கேன், இன்சூரன்ஸ் காகிதம் எல்லாம் உங்களுக்கும் தெரிந்த அலைச்சல்தான்.

வார்டில் மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன்பும், படுக்கும்போதும் விரலில் குத்துவார்கள். அதற்குப் பிறகு விடியும்வரை போட்ட இன்சுலின் உள்ளே என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்காக சுகர் உள்ள வயதானவர்கள் பலருக்கு, சுகர் லோ ஆகும்போது வரவேண்டிய படபடப்பும் நடுக்கமும் வருவதில்லை. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அதை மறைத்துவிடும். தூங்குகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அந்த ராத்திரி நேரத்துக்காகத்தான் சென்சார் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "இதெல்லாம் பணம் பிடுங்குற வேலை" என்றார் நாத்தனார் வீட்டுக்காரர். 2020 ஏப்ரலிலேயே, கொரோனா வார்டுக்குள் நர்சுகள் திரும்பத் திரும்பப் போய்க் குத்துவதைக் குறைக்க, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஆஸ்பத்திரிகளில் இதைப் பயன்படுத்த வழிவிட்டது. பணம் பிடுங்கவா?

ஆனால் இந்தச் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. மேற்கையின் பின்பக்கம் ஒட்டினால், மயிரிழை போன்ற ஒரு கம்பி தோலுக்கு அடியில் செல்களுக்கு நடுவே உள்ள நீரில் இருந்து அளக்கிறது. ரத்தத்தில் ஏறுவதும் இறங்குவதும் அங்கே தெரியச் சில நிமிஷங்கள், சில சமயம் கால் மணி நேரம்கூட ஆகும். இன்னொன்று, அந்தக் கையை அழுத்திப் படுத்தால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து, இல்லாத லோவைக் காட்டும்.

அதுதான் நடந்தது. வலது கையில் ட்ரிப்ஸ் போட்டிருந்ததால் மாமா இடது பக்கம் சாய்ந்து, சென்சார் கை அடியில் மாட்ட, அசந்து தூங்கினார். நடுராத்திரி சென்சாரோடு இணைத்திருந்த போன் அலறியது, திரையில் 52. சிஸ்டர் ஓடி வந்தார், அதைக் குறை சொல்லவில்லை. "ஒரு தடவை குத்திப் பாத்துருங்க சிஸ்டர்" என்றேன். "52னு காட்டுதேம்மா" என்று சொல்லிக்கொண்டே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸை ஏற்றினார். மாமா புரண்டு படுக்கவில்லை, திரையும் ஏறவில்லை. போனில் கேட்ட டியூட்டி டாக்டர் இன்னொன்று ஏற்றச் சொன்னார். விடிகாலையில்தான் விரலில் குத்தினார்கள். முந்நூறுக்கு மேல். மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார். புண்ணுக்குள் சீழ், மறுபடி பட்டினி, கூடுதல் பெட் வாடகை.

கேட்டதற்கு, "நீங்க கொண்டுவந்த மிஷினுக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார்கள். பொறுப்பில்லாத மிஷினின் நம்பரை நம்பி ராத்திரி எப்படி மருந்து ஏற்றினார்கள்? இன்றுவரை பதில் இல்லை. மிஷின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. குத்திப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை எடுத்துக்கொள்ளாததுதான் தப்பு.

ஆகவே, எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார் என்று கேட்டு, மற்ற கையில் ஒட்டச் சொல்லுங்கள். ட்ரிப்ஸ் அந்தக் கையில்தான் போடவேண்டும் என்றால், ராத்திரி துணைக்கு இருப்பவர் சென்சார் கை அடியில் மாட்டியிருக்கிறதா என்று அடிக்கடி எழுந்து பார்க்கட்டும். ஒட்டிய முதல் நாள் நம்பரை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரஷர் ரொம்ப இறங்கியிருந்தாலும், உடம்பு நீர் கோத்திருந்தாலும் அது சரியாகக் காட்டாது. புண் ஆறட்டும் என்று வைட்டமின் சி எழுதுவார்கள். தினம் 500 மில்லிகிராமைத் தாண்டினால் சில மாடல்களில் சுகரைக் கூட்டிக் காட்டும். எம்.ஆர்.ஐ. என்றால் பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள்; அதனால் ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகு ஒட்டுங்கள், சில ஆயிரம் மிச்சம். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் எங்கள் கோரிப்பாளையம் மாதிரி ரோட்டு நெரிசலைக் கணக்கு வைத்துக் கிளம்புங்கள். டிபன் கேரியர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் இன்சுலின் ஊசி. இதில் சிஸ்டர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது 140-க்கும் 180-க்கும் நடுவில் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். வீட்டில் 110 பார்த்துப் பழகியவர்கள் 170-ஐப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் இன்சுலின் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். வார்டில் பயப்பட வேண்டியது 70-க்குக் கீழே போவதற்கு.

ஆபரேஷன் முடிந்த பிறகு இன்னொரு ராத்திரி 61 காட்டியது. மாமா மல்லாந்துதான் படுத்திருந்தார். இந்த முறை சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு குத்த வைத்தேன்: 58. நிஜமான லோ. எழுப்பி குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்ததில் ஏறியிருந்தது. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வைகூட இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்த மனிதர். சென்சார் இல்லையென்றால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

டிஸ்சார்ஜ் ஆனதும் அதைப் பிய்த்து எறியாதீர்கள். எங்களுடையது 14 நாள் ஓடுகிற வகை. இன்சுலினை நிறுத்திப் பழைய மாத்திரைக்கு மாறி வீட்டுக்கு வந்த பிறகும் ஓடியது. விடியற்காலைதோறும் சுகர் 65 பக்கம் இறங்குவது அதில் கோடு கோடாகத் தெரிந்தது. எழுந்து குத்திப் பார்த்தோம், அதுவும் அப்படியே காட்டியது. அதைத் தாளில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். வருஷக்கணக்காகச் சாப்பிட்டு வந்த கிளிமிப்ரைடு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.