விற்பனைக்கு நிற்கும் வீட்டில் எதைத் தொடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

பெயிண்டிங் கான்ட்ராக்டில் தொடங்கிய நீங்கள், விற்கப்போகும் பழைய வீடுகளைச் சரிசெய்து தருவதைத் தனித் தொழிலாகவே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சென்னையில் இதற்கு ஆள் தேவைதான். புரோக்கருக்கு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று கொடுப்பதை மிச்சம் பிடித்து, அதில் ஒரு பகுதியை வீட்டிலேயே போட்டால் நல்ல விலை கிடைக்கும் என்று உங்களை அழைப்பவர்கள் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரிதான், பணத்தைப் போடும் இடம்தான் பெரும்பாலும் பிசகுகிறது. புரோக்கர் இல்லாத விற்பனையில், ‘நல்ல வீடு சார், நான் பொறுப்பு’ என்று பேருக்காவது சொல்ல நடுவில் ஆள் கிடையாது. பார்க்க வருபவர் தன் கண்ணையும் கையையும் மட்டுமே நம்பி முடிவெடுக்க வேண்டும். எனவே நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும் அவருடைய சந்தேகத்தைக் குறைக்கிறதா என்று பாருங்கள். சந்தேகத்தைக் கூட்டுகிற வேலை எவ்வளவு பளபளத்தாலும் வீட்டுக்காரருக்கு அது நட்டம்தான்.

வருபவரின் பணநிலையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய ஃபிளாட் பேசி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. ஆக 48 லட்சம் கடன் போக, 12 லட்சம் கையிலிருந்து வர வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது இன்னொரு 5.4 லட்சம். கடன் கணக்கில் வங்கி அதைச் சேர்க்காது. இப்படிப் பதினேழு லட்சத்துக்கு மேல் புரட்டி, நகையை வைத்து, பி.எஃப். பணத்தை எடுத்து வருகிறவரிடம் சாவி வாங்கிய மறுமாதம் பாத்ரூமை உடைக்கக் காசு இருக்காது. அந்தப் பயத்தோடுதான் அவர் ஒவ்வொரு அறையாக நுழைகிறார். உங்களுக்கு அரைநாள் வேலையாகத் தெரிகிற ஒழுகல் அவர் கணக்கில் லட்ச ரூபாயாகிவிடும். வாயைத் திறந்து சொல்ல மாட்டார். ‘வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன்’ என்று கிளம்பிவிடுவார்.

பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து 1970இல் எழுதிய கட்டுரை இந்தப் பயத்தைத்தான் பேசுகிறது. 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். நல்ல வண்டியையும் ஓட்டை வண்டியையும் பிரித்தறிய முடியாதவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு விலைதான் சொல்வார், அதனால் நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகிவிடுவார் என்பது அதன் சாரம். பழைய வீட்டுக்கும் இது பொருந்தும். நன்றாகப் பராமரித்த வீட்டையும் நேற்று பூசி மெழுகிய வீட்டையும் பிரித்துக் காட்ட முடிந்தால், அந்த வித்தியாசமே விலையில் சேரும்.

ஆகவே முதலில் தண்ணீரைப் பாருங்கள். பாத்ரூமுக்கு மறுபுறம் இருக்கும் படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை பெயிண்ட் கொப்பளித்திருக்கும். நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடியாக உப்பு உதிரும், விரல்முட்டியால் தட்டினால் பூச்சு சுவரை விட்டு விலகிப் பொத்தென்று ஒலிக்கும். ஈரம் உள்ளிருந்து வருகிறதா என்று சந்தேகமிருந்தால் ஓர் அடி சதுரத்துக்குப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் தண்ணீர் குடிக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பாத்ரூம் தரை டைல்ஸின் இடைவெளிகள் திறந்திருக்கும், அல்லது நஹானி டிராப்பைச் சுற்றிய சிமென்ட் விட்டிருக்கும். இடைவெளியைச் சுரண்டி எபாக்ஸி அடைத்து, டிராப்பைச் சரிசெய்து, சுவர் காய்வதற்கு வாரக்கணக்கில் விட்ட பிறகுதான் பழைய பூச்சைக் கொத்திப் புதுப்பூச்சு, பட்டி, பிரைமர் எல்லாம். காய்வதற்கு முன்னால் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் வீட்டுக்காரர் முகம் அன்றைக்கு மலரும். ஆனால் உப்பு அதே இடத்தில் மறுபடியும் பூக்கும். மற்ற சுவர்கள் பழைய நிறத்தில் இருக்க, ஒரு சுவரின் அடிப்பாகம் மட்டும் புதிதாக மின்னினால் வருபவர் முதலில் கை வைத்துப் பார்ப்பதும் அங்கேதான்.

‘ஓதத்தை மறைக்கத்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள்? நான் செய்யாவிட்டால் அடுத்தவர் செய்துவிட்டுப் போகிறார்’ என்று நீங்கள் கேட்கலாம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 55ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விடுவது மோசடி என்கிறது அது. குறையின் மேல் நீங்கள் அடிக்கும் கோட், அதை ‘கண்டுபிடிக்க முடியாத குறை’ ஆக்குகிறது. வீட்டுக்காரரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரை வம்பில் மாட்டிவிடுகிறீர்கள். பாத்ரூமை உடைக்க அவரிடம் பணம் இல்லையென்றால் வேறு வழி உண்டு. பிளம்பரை அழைத்து மதிப்பீடு எழுதி வாங்கி, அந்தத் தாளை வருபவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குரிய தொகையை அவர் விலையில் குறைத்துக் கேட்பார், கேட்கட்டும். எழுதிய தொகைக்கு ஓர் எல்லை உண்டு. சொல்லாமல் விட்ட குறைக்கு அவர் மனதில் போடும் தொகைக்கு எல்லையே கிடையாது.

மறைப்புக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் மாடிசன் நகரில் நடந்த வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து மூன்று பொருளியலாளர்கள் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உரிமையாளரே விற்றதால் விலை குறைந்துவிடவில்லை, ஆனால் விற்று முடிய அதிக நாள் பிடித்தது என்று கண்டார்கள். அந்த ஊர்ச் சந்தை வேறு, நம்முடையது வேறு என்றாலும், தானே ஆள் தேடி விற்பவருக்கு நாள் பிடிக்கும் என்பதை நம்ப அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. ஆகஸ்டில் நீங்கள் முடித்துக்கொடுத்த வீட்டை நவம்பரிலும் யாராவது பார்க்க வந்துகொண்டிருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை உங்கள் பூச்சைச் சோதித்துவிடும். தளத்தில் தட்டோட்டு விரிசலை அடைத்து, மழைநீர்க் குழாயின் வாயிலிருக்கும் குப்பையை எடுத்து, கைப்பிடிச்சுவர் மூலைகளைச் சரிசெய்திருந்தால், நல்ல மழை பெய்த மறுநாள் காலையிலேயே ஆட்களை வரச்சொல்லுமாறு வீட்டுக்காரரிடம் தைரியமாகச் சொல்லலாம். அதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரிந்து இல்லை.

செலவு வேண்டாத இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபிளாட்டின் விலையில் பெரும்பங்கு நிலத்தின் பிரிபடாத பங்கு. கட்டடத்துக்கு வயது ஏற ஏற மதிப்பு இறங்கும். ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், டி.வி.க்குப் பின்னால் மரப்பலகை அலங்காரம் என்று போட்ட காசு, வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதும் தொகையில் பெரிதாகத் தெரியாது. வருபவரின் ரசனையும் அதுவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எண்பதுகளில் கட்டிய ஃபிளாட்டில் மொசைக் தரை இருந்தால் அதன்மேல் டைல்ஸ் ஒட்டச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். தரை உயர்ந்தால் கதவுகளின் அடியை இழைக்க வேண்டும், பாத்ரூம் வாசல் மட்டமும் மாறும், கீழே என்ன இருக்கிறதோ என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். மெஷின் வைத்து மொசைக்கைப் பாலிஷ் போட்டாலே போதும். விரிசல் இல்லாத பழைய தரை, கட்டடம் இறங்கவில்லை என்பதற்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சி. வாஸ்துவுக்காக வாசலை மாற்றச் சொன்னால் சிரித்து நகர்ந்துவிடுங்கள். வாங்குபவர் தன் ஜோசியரோடு வருவார்.

கை படுகிற இடங்களுக்குச் சில ஆயிரங்கள் போதும். எண்ணெய்ப் பிசுக்கேறிப் பழுப்பான சுவிட்ச் பிளேட், கிறீச்சிடும் கீல், சரியாக விழாத தாழ்ப்பாள், சொட்டுகிற குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அறைக்கு அறை ஒன்று மஞ்சள், ஒன்று நீலவெள்ளை என்று இல்லாமல் ஒரே நிறத்தில் எல்.இ.டி. பல்புகளைப் போடுங்கள். போர்வெல் தண்ணீர் குழாய்களில் படியவைத்த உப்புக்கு வினிகரில் நனைத்த துணியை இரவு சுற்றி வைத்தால் போதும். ஆசிட்டை ஊற்றினால் டைல்ஸின் இடைவெளி சிமென்ட்டும் மொசைக்கும் அரிக்கும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்; சின்ன பாத்ரூமில் அது ஆளையே சாய்த்துவிடும், உங்கள் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். பழைய ஜன்னல் கம்பிகளின் எனாமலை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருந்ததென்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் விட்டுத் தேய்க்கட்டும், மூக்கை மூடிக்கொள்ளட்டும்.

வாங்குபவர் எப்படியும் தன் விருப்பப்படி மாற்றப்போகிறார், பிறகெதற்கு இத்தனை என்ற ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. மனைக்காக வாங்கி இடித்துக் கட்டப்போகும் பில்டர்தான் பார்ட்டி என்றால், தனிவீட்டில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லி அந்த வேலையை விட்டுவிடுங்கள். குடியேறப்போகும் குடும்பத்தின் நிலைமை வேறு. அவர்கள் மாற்ற விரும்புவது சுவரின் நிறத்தை. பயப்படுவது அதன் பின்னாலிருக்கும் குழாய்க்கு. இன்னொரு ஆட்சேபம், இணையத்தில் போடும் படம் பளிச்சென்று இருந்தால்தானே ஆள் வரும் என்பது. ஒப்புக்கொள்கிறேன். படம் வாசல்வரை அழைத்துவரும். சாமான்களில் பாதியைக் காலி செய்து, ஜன்னல்களைத் துடைத்து, வெளிச்சம் உள்ள நேரத்தில் எடுத்தாலே படம் பளிச்சென்று வந்துவிடும். படத்தில் இருந்ததைவிட நேரில் மங்கலாகத் தெரியும் வீட்டுக்குள் வருபவர் ஏமாந்த மனதோடு நுழைவார் என்பதால், படத்தைத் திருத்தும் வேலை எதுவும் வேண்டாம்.

நீங்கள் உடைத்துச் சரிசெய்த ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன் போனில் படமெடுத்து வையுங்கள். திறந்த குழாய், புது டிராப், கொத்திய சுவர் எல்லாம் தேதியோடு இருக்கட்டும். ரசீதுகளையும் அடித்த பெயிண்டின் ஷேடு எண்ணையும் அதோடு சேர்த்து ஒரு ஃபைலாக வீட்டுக்காரரிடம் கொடுங்கள். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், சொத்துவரி ரசீது வைத்திருக்கும் அதே மேஜையில் அதுவும் இருக்கட்டும். வேலைக்குக் கூலி பேசும்போது, விற்ற விலையில் இத்தனை சதவீதம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி வாங்கினால் ஓதமடித்த சுவரின் முன் நிற்கும்போது உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே ஆசைதான் இருக்கும். சதுரடிக்கும் நாட்கூலிக்கும் பேசி, வேலை முடிந்ததும் மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். வீடு என்றைக்கு விற்றாலும், என்ன விலைக்கு விற்றாலும், உங்கள் கணக்கு அதற்கு முன்பே முடிந்திருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்