சுங்கச் சாலையும் நிலமுடையோரும்

சாலை யாவர்க்கும் பொது என்றே நாம் இளமை முதற் பயின்று வந்துள்ளோம். திருக்கோகர்ணத்தினின்று திருச்சிராப்பள்ளிக்கோ காரைக்குடிக்கோ வண்டியேறிச் செல்வோர் சுங்கச் சாவடியைக் கடந்தே போகின்றனர். எனினும் அச்சாலையில் மிதிவண்டியும் செல்லும், ஆட்டு மந்தையும் செல்லும். முற்றும் அடைபட்ட சுங்கச் சாலையின் இயல்பை ஆராயப் புகுவோர், பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள இலங்கையை நோக்குதல் தகும்.

கொழும்பு, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்னும் கடற்கரை நகரங்களைப் பழைய காலி வீதியே கரையோரமாக இணைத்து வந்தது. சந்தையும் திருப்பமும் மலிந்த அவ்வழியே காலி சேர மூன்று மணி நேரம் வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை அவ்வீதியையும் அருகிருந்த இருப்புப் பாதையையும் சிதைத்தது. தெற்கு அதிவேகச் சாலையோ கடலைவிட்டு விலகி, வயலையும் சதுப்பையும் ஊடறுத்துச் செல்வது. கொட்டாவை முதற் காலி வரை 2011 நவம்பர் 27-இல் திறக்கப்பெற்று, 2014-இல் மாத்தறையையும் 2020-இல் அம்பாந்தோட்டைப் பகுதியையும் எட்டியது. நீளம் ஏறக்குறைய 222 கிலோமீட்டர். காலிக்கு இப்போது ஒரு மணி நேரமே செல்லும்.

நுழைவாயிலிற் சீட்டுப் பெற்று, வெளியேறும் வாயிலில் ஓடிய தூரத்திற்கேற்பச் சுங்கம் செலுத்துதல் அச்சாலையின் முறை. நம் பக்கத்துச் சாவடியிலோ, சிறிது தூரம் ஓடியவனும் நெடுந்தூரம் ஓடியவனும் ஒரே தொகை தருகின்றனர். அவ்வகையில் இலங்கை முறையே நேரியது என்போம். ஆயின் தூரத்தை அளக்க வேண்டுமாயின் வாயிலன்றி வேறு வழி இருத்தலாகாது. ஆகவே இருபுறமும் வேலி எழுகின்றது. நடப்போர்க்கும், இருசக்கர, முச்சக்கர வண்டிகட்கும் அங்கே இடமில்லை. பணத்தில் நேர்மை நாடிய முறையே நிலத்தைப் பிளக்கின்றது. வயலின் ஒரு பாதி அப்பக்கம் கிடக்க, உழவன் சுரங்க வழியைத் தேடிச் சுற்றி நடக்க நேரும்.

முதற் குலோத்துங்கன் ‘சுங்கந்தவிர்த்த சோழன்’ எனப் புகழ்பெற்றதை மாணவர் அறிவர். அக்காலச் சுங்கம் சரக்கின்மேல் விழுந்தது. இக்காலத்தில் அதனினும் பெரிய விலையை நிலமிழந்தோரே செலுத்துகின்றனர்.

அன்னோர் சிலர் வழக்காடவும் செய்தனர். சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து ஒப்புதல் பெற்றபின் சாலையின் தடம் மாற்றப்பட்டது. புதிய தடத்தில் நிலமுடையோரை எவரும் வினவவில்லை. 2004-இல் இலங்கை உச்ச நீதிமன்றம், அவர்களைக் கேளாது தடம் மாற்றியது இயற்கை நீதிக்கு மாறென்று தீர்ப்பளித்தது. எனினும் சாலையைத் தடுக்கவில்லை. கையகப்படுத்தலுக்குரிய ஈட்டுத்தொகையோடு, வழக்காடிய ஒவ்வொருவர்க்கும் 75,000 ரூபாய் மேலும் அளிக்கப் பணித்தது. ஏழாண்டு கழித்து அத்தடத்தின்மேல் வண்டிகள் ஓடத் தொடங்கின.