ஐம்பதுக்குப் பின் கோல்ஃப் பயில்வோர் அறிய வேண்டியவை

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளிலிருந்து நம் மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பாலோருக்கு உடற்பயிற்சி என்றால் நடைதான். நாகேஸ்வரராவ் பூங்காவையோ பனகல் பூங்காவையோ பத்துச் சுற்று வருவார்கள். எலியட்ஸ் கடற்கரையில் காலாற நடப்பார்கள். அவ்வப்போது வேறொரு கேள்வியும் எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் எழுவதுண்டு: “டாக்டர், நான் கோல்ஃப் கற்றுக்கொள்ளலாமா?” கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்; ஓய்வு பெற்றவர் அல்லது பெறவிருப்பவர்; இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மாத்திரை உட்கொள்பவர். அருகில் அமர்ந்திருக்கும் துணைவியார் கேட்பது வேறு: “இவருக்கு இந்த வயதில் இது தேவையா, டாக்டர்?”

இருவருக்கும் சேர்த்துச் சொல்லக்கூடிய விடை: பெரும்பாலோர் கற்றுக்கொள்ளலாம், ஆனால் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே உடலுக்கு அது நன்மையாகவோ தீங்காகவோ முடியும். பதினெட்டுக் குழிகளையும் நடந்தே ஆடி முடிப்பவர் ஏறத்தாழ 6 முதல் 10 கிலோமீட்டர் நடக்கிறார். ஸ்வீடன் நாட்டின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அதே வயதும் பாலினமும் சமூக நிலையும் கொண்ட பிறரைவிட அவர்களிடையே இறப்பு விகிதம் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நல்ல உடல்நலம் உள்ளவர்களே கோல்ஃப் ஆட வருகிறார்கள் என்பதும் அந்த வேறுபாட்டின் ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம். எனினும், மணிக்கணக்கில் திறந்த வெளியில் நடப்பது நல்லது என்பதில் ஐயமில்லை.

நம் பகுதி மக்களுக்குக் கோல்ஃப் திடல் தொலைவில் இல்லை. 1873இல் தொடங்கப்பட்ட காஸ்மாபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் திடல் நந்தனத்தில் இருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் நடுவே ஜிம்கானா கிளப் உறுப்பினர்கள் நெடுங்காலம் ஆடிவந்தனர். திடல் அருகில் இருந்தும் பலர் சில வாரங்களிலேயே பயிற்சியைக் கைவிடுவது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உடல் எப்போது கற்கிறது?

வழக்கமாக நிகழ்வது இது. வாரம் ஒருமுறை பயிற்றுநரிடம் ஒரு மணி நேர வகுப்பு. மற்ற நாள்களில் மட்டையைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சித் திடலுக்குச் சென்று, கொடுத்த கட்டணம் வீணாகக் கூடாது என்ற எண்ணத்தில் இருநூறு பந்துகளை அடித்துத் தீர்ப்பது. திங்கட்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வருவது. இதில் முதலில் பாழாவது இடுப்பன்று. கற்றலே முதலில் பாழாகிறது.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வொன்று பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் நடந்தது. அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு விசைப்பலகையைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தபோது, உளவியலாளர் ஆலன் பேட்லியும் அவருடைய சக ஆய்வாளரும் அவர்களைக் குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் மட்டுமே பயிற்சி. இன்னொரு குழுவுக்கு நாள்தோறும் நான்கு மணி நேரம். 1978இல் வெளியான முடிவு இது: நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்கள் மொத்தம் ஏறத்தாழ 55 மணி நேரத்தில் எட்டிய தேர்ச்சியை, நான்கு மணி நேரம் பயின்றவர்கள் எட்டுவதற்கு 80 மணி நேரம் பிடித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நன்றாகக் கற்ற அந்த ஒரு மணி நேரக் குழுவினர்தாம் தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைந்த நிறைவு கொண்டிருந்தனர். தாங்கள் மெதுவாகச் செல்வதாக அவர்களுக்குத் தோன்றியது. பயிற்சியின்போது நமக்குத் தோன்றும் நிறைவு கற்றலுக்கு அளவுகோல் ஆகாது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சான்றை நான் அறியேன்.

காரணம் மூளையில் இருக்கிறது. புதிய உடலியக்கம் ஒன்றைச் செய்யும்போது உருவாகும் நினைவுத் தடம், பயிற்சி முடிந்த பிறகு, குறிப்பாக உறக்கத்தில், உறுதிப்படுகிறது. ஆகவே ஏழு நாள்களில் ஒருநாள் மூன்று மணி நேரம் அடிப்பவருக்குக் கிடைப்பது ஓர் இரவின் பயன். நாள்தோறும் இருபது நிமிடம் பயில்பவருக்கு ஏழு இரவுகளின் பயன் கிடைக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் கையைப் பழக்கும் நம் நோயாளர்களிடம் “சிறிது சிறிதாக, ஆனால் நாள்தோறும்” என்று இயன்முறை மருத்துவர் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

இருபது நிமிடத்துக்குத் திடல் வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்தில் விரித்த பாயின் மீது ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து, ஆறடி தொலைவிலிருந்து பந்தை மெல்லத் தட்டி உருட்டலாம். மட்டையைப் பிடிப்பதும் விடுவதுமாக ஐம்பது முறை பழகலாம். மொட்டை மாடியில் பந்தே இல்லாமல் அரை வீச்சு வீசலாம். மேலே மின்கம்பி, கீழே பேரக்குழந்தை இல்லை என்று பார்த்துக்கொள்ளவும்.

குழியிலிருந்து பின்னோக்கி

தொடக்கநிலையாளர் எல்லோருக்கும் பந்தை வெகுதொலைவு பறக்கவிட வேண்டும் என்பதே ஆசை. என் பரிந்துரை இதற்கு நேர்மாறானது. குழிக்கு அருகில் பந்தை உருட்டும் ‘பட்டிங்’ முதலில். அதன்பின் சற்று எட்டியிருந்து சிறு வீச்சில் பந்தை எழுப்பும் ‘சிப்பிங்’. பிறகு அரை வீச்சு. முழு வீச்சு கடைசியில். பயிற்றுநர்கள் பலர் நடுத்தர நீளமுள்ள ஏழாம் எண் மட்டையில் தொடங்குவது வழக்கம், அதில் தவறில்லை. ஆயினும், இடுப்பிலோ தோளிலோ இதயத்திலோ முன்பே சிக்கல் உள்ளவர் முதல் மாதத்தைச் சிறு அடிகளிலேயே கழிக்க விரும்புவதாக அவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம்.

ஆட்டத்தின் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. ‘பார் 72’ எனப்படும் திடலில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பட்டிங் அடிகள் ஒதுக்கப்படுகின்றன. பதினெட்டுக் குழிகளுக்கு 36 அடிகள், மொத்தத்தில் சரிபாதி! 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நான்காம் இடம் பெற்றார். பந்தைத் தொலைவாக அடிப்பதில் அவர் களத்தில் பின்தங்கியே இருந்தார். அவரை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுசென்றது பட்டிங் திறனே. அப்போட்டியில் அவருடைய மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய தாயார் என்பதை, இந்த இதழைப் படிக்கும் பராமரிப்பாளர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

மருத்துவக் காரணம் இன்னும் வலுவானது. முழு வீச்சின்போது கீழ் முதுகெலும்பின்மீது விழும் அழுத்தம் உடல் எடையைப்போல் எட்டு மடங்கு வரை உயர்வதாக அளந்திருக்கிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரரைவிடப் பொழுதுபோக்காக ஆடுபவரின் முதுகில் முறுக்கு விசையும் பக்கவாட்டு விசையும் கூடுதலாக இருப்பதும் தெரியவந்துள்ளது. தேர்ந்தவர் இடுப்பையும் தொடையையும் திருப்பி அடிக்கிறார். பழகாதவர் முதுகை மட்டும் முறுக்கிக் கைகளின் வலிமையால் அடிக்கிறார். நாற்பது ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்த இடுப்பு மூட்டு எளிதில் திரும்பாது. அந்தக் குறையை முதுகு ஈடுசெய்ய முயல்கிறது. இதனால்தான் மட்டை வாங்குமுன் இயன்முறை மருத்துவரிடம் இடுப்பு, தோள் ஆகியவற்றின் அசைவு வீச்சை ஒருமுறை அளந்துகொள்ளச் சொல்கிறோம். அந்த அளவைப் பயிற்றுநரிடம் கொடுத்தால், உங்கள் உடலால் இயலாத வடிவத்தை அவர் உங்களிடம் எதிர்பார்க்கமாட்டார்.

வகுப்பில் என்ன கேட்பது?

ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு திருத்தம். பிடி, நிலை, தோள், முழங்கை, பார்வை என ஐந்தையும் ஒரே நாளில் திருத்தச் சொன்னால் எதுவும் தங்காது. “இந்த வாரம் நான் கவனிக்க வேண்டிய ஒன்று எது, ஐயா?” என்று வகுப்பின் இறுதியில் கேளுங்கள். அவர் சொன்னதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். வீட்டுக்குச் சென்றதும் நாட்குறிப்பில் ஒரே வரியில் எழுதிவையுங்கள். அடுத்த வகுப்பு அந்த வரியிலிருந்து தொடங்கட்டும்.

கவனத்தை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கப்ரியேலே வுல்ஃப் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1999இல் கோல்ஃப் அறியாதவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு சாராரைத் தம் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை மட்டையின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்களே துல்லியமாக அடித்தனர்; மறுநாளும் அந்த வேறுபாடு நீடித்தது. “முழங்கையை மடக்காதீர்கள்” என்று பயிற்றுநர் சொன்னால், “அப்படியானால் மட்டையின் தலை எந்த வழியே செல்ல வேண்டும்?” என்று கேட்டு, அதை மனத்தில் கொள்ளுங்கள்.

பந்துகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது போதும் என்பது என் கருத்து. தொடங்குமுன் பத்து நிமிடம் நடந்தும் தோள், இடுப்பு ஆகியவற்றைச் சுழற்றியும் உடலைச் சூடாக்குவது கட்டாயம்.

பயிற்றுநரிடம் மறைக்கக் கூடாதவை

உங்கள் நோய்களைப் பயிற்றுநரிடம் சொல்வதில் வெட்கம் வேண்டாம். பைபாஸ் அறுவைக்குப் பின் மார்பெலும்பு நன்றாகக் கூடுவதற்கு இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். அதற்குமுன் முழு வீச்சு கூடாது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றியவர்களும் ஆடலாம். எப்போது தொடங்குவது என்பதை அறுவை செய்த மருத்துவர் சொல்ல வேண்டும். எலும்புத் தேய்வு மிகுந்தவர்கள், முதுகெலும்பு முறிவு கண்டவர்கள் முழு வீச்சைத் தவிர்த்துப் பட்டிங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குழியிலிருந்து பந்தை எடுக்கையில் முதுகை வளைத்துக் குனிய வேண்டாம். மட்டையை ஊன்றி முழங்காலை மடக்கவும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு நான்கு மணி நேர நடையில் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். உடன் ஆடுபவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் புதிய காலணியோடு நேரே திடலில் இறங்க வேண்டாம். சிறுநீர் பெருக்கி மாத்திரை உட்கொள்வோர் சென்னையின் புழுக்கத்தில் விரைவில் நீரிழப்புக்கு ஆளாவார்கள். கத்திரி வெயில் நாள்களில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பீட்டா தடுப்பி மாத்திரை எடுப்பவரின் நாடித்துடிப்பு உழைப்புக்கேற்ப உயராது. கையிலுள்ள கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல், நடக்கும்போது தடையின்றிப் பேச முடிகிறதா என்று பாருங்கள். நாக்கின்கீழ் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால் அது உங்களிடமே இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்த மாத்திரை, வெப்பத்தால் கெடுவதோடு, வேண்டிய நேரத்தில் கைக்கும் எட்டாது.

இங்கே ஒரு வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோல்ஃப் பயிலத் தொடங்கிய முதல் சில வாரங்களில், வலக்கையால் ஆடுவோருக்கு இடப்பக்க விலா எலும்புகளில், பெரும்பாலும் நான்கு முதல் ஆறாம் விலாவில், நுண்ணிய முறிவு ஏற்படுவதுண்டு. விலாவைத் தாங்கும் தசைகள் பழக்கமின்மையால் களைத்துப்போவதே காரணம். முதல் எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகலாம். சில வார ஓய்வில் தானே கூடிவிடும், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஐம்பது வயதுக்காரரின் இடப்பக்க மார்பில் வரும் வலியை “மட்டை வீசியதால் வந்த தசைப்பிடிப்பு” என்று வீட்டில் இருந்தபடியே முடிவு செய்வது ஆபத்தானது. இதயமா விலாவா என்பதைப் பிரித்தறிவது எங்கள் வேலை. இதயம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே விலாவைப் பற்றி யோசிப்போம். நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் ஆட்டத்தை அந்தக் குழியிலேயே நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். ஆட்டத்தை முடித்துவிட்டு, குளித்துவிட்டு, தாமே காரோட்டி வர நினைக்க வேண்டாம். துணைவியாரோ பிள்ளைகளோ இதில் சற்றுக் கண்டிப்பாக இருப்பது நல்லது.

முழங்கை வலி அவ்வளவு அவசரமன்று. மட்டையை இறுகப் பற்றுவதே அதற்கு முதற்காரணம். கையில் ஒரு குருவிக்குஞ்சை வைத்திருக்கும் அளவுக்கே பிடி இருக்க வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் வலி தணியாவிட்டால் எங்களிடம் வாருங்கள். வரும்போது மட்டையையும் எடுத்து வாருங்கள். நீங்கள் அதைப் பிடித்துக் காட்டினாலே வலியின் காரணம் பாதி விளங்கிவிடும்.