கணிப்பொறித் திரைக்கு ஏற்ற பிரிதிறன்

திருப்பதியை அடுத்த திருச்சானூர் போன்ற ஊர்களில், ஒரே கணிப்பொறித் திரையில் தமிழ், தெலுங்கு ஆகிய இருமொழி எழுத்துகளையும் படிக்கும் தேவை பலருக்கு ஏற்படுகிறது. தமிழில் ‘ன’கரத்தையும் ‘ண’கரத்தையும் வேறுபடுத்துவது ஒரு சுழியே, மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளியோ அதனினும் சிறிது. தெலுங்கில் கூட்டெழுத்தின் இரண்டாம் உறுப்பு பெரும்பாலும் முதலெழுத்தின் அடியில் குறுகி எழுதப்படுகிறது. திரையின் அமைப்பு இந்நுண்ணிய வேறுபாடுகளைக் காட்டத் தவறினால் ‘பனி’ ‘பணி’யாகிவிடும். மழைமானிப் பதிவில் 3 என்பது 8 எனப் படிக்கப்படின் அத்தவறு மாதக் கணக்கு வரை தொடரும்.

திரையில் தோன்றும் உருவம் யாவும் புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என்று புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறிப்பதே வழக்கம். இதனையே திரையின் பிரிதிறன் என்பர். ஆயினும் எண்ணிக்கை ஒன்றே தெளிவை அறுதியிடுவதில்லை. 24 அங்குலத் திரையில் 1920 புள்ளிகள் அமையின் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். அதே எண்ணிக்கை 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியில் அமையின் புள்ளி 0.5 மில்லிமீட்டராகப் பருத்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டியை மேசைமீது வைத்துக் கணிப்பொறிக்குப் பயன்படுத்துவோர் எழுத்து சிதறித் தெரிவதாகக் குறை கூறுவதற்குக் காரணம் இதுவே.

கண்ணின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. குறையற்ற பார்வையுடையவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காகும். 60 சென்டிமீட்டர் தொலைவில் இது 0.17 மில்லிமீட்டருக்குச் சமம். 24 அங்குலத் திரையில் 2560 புள்ளிகள் இருப்பின் ஒவ்வொன்றும் 0.21 மில்லிமீட்டர், இது அவ்வெல்லையை நெருங்குகிறது. 3840 புள்ளிகள் கொண்ட திரை எல்லையையும் கடந்துவிடுகிறது. அதன் முழுப்பயனைக் கண் பெறுவதில்லை. 1920 புள்ளித் திரையைக் காட்டிலும் நான்கு மடங்குப் புள்ளிகளை இயக்கும் சுமையோ கணிப்பொறியைச் சேர்கிறது. நாள் முழுதும் சிறு எழுத்துகளைப் படிப்போருக்கு 2560 தகும். ஏனைய பணிகளுக்கு 1920 போதுமானது.

எழுத்து சிறிதாகத் தெரிகிறதென்று பலர் திரையின் பிரிதிறனைக் குறைத்து அமைத்துவிடுகின்றனர். பழைய படக்குழாய்த் திரைகளில் இது ஓரளவு பொருந்தியது. தற்காலத் தட்டைத் திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை உற்பத்தியின்போதே நிலைத்துவிடுகிறது. 1920 புள்ளித் திரையை 1366க்குக் குறைத்தால், படத்தின் ஒரு புள்ளி திரையின் ஏறக்குறைய 1.4 புள்ளிகளில் பங்கிடப்படும். கோடுகளின் விளிம்பு மங்கும். முதலில் மறைவது மெய்யின் புள்ளியே. ஆகவே பிரிதிறனை இயல்பான அளவிலேயே விட்டு, எழுத்தின் அளவை மட்டும் 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துவதே முறை.

வகுப்பறையில் நிலைமை வேறு. 2 மீட்டர் அகல வெண்திரையில் 1024 புள்ளிகள் விழுந்தால் ஒரு புள்ளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். 7 மீட்டருக்கு அப்பால் அமர்ந்த மாணவனுக்கு அது தனித்துத் தெரியாது. இதனை ஆசிரியர் எளிதில் செய்து காட்டலாம். வெள்ளைத் தாளில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரு கருங்கோடுகள் வரைந்து, மாணவர்களைப் பின்னோக்கி நடக்கச் செய்து, கோடுகள் ஒன்றாகும் இடத்தை அளக்க வேண்டும். மிக அருகிலேயே ஒன்றாகிவிட்டதெனக் கூறும் மாணவனுக்குக் கண் பரிசோதனை தேவைப்படலாம்.

படத்திலேயே இல்லாத நுட்பத்தை எத்திரையும் தர இயலாது. திருப்பதிக்குத் தென்மேற்கே காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் ரேடார், 1024 ஆண்டெனாக்களைக் கொண்டு 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானில் செலுத்துகிறது. மீளும் அலையை 1 மைக்ரோ வினாடிக் கூறுகளாகப் பகுத்தால் உயரத்தில் 150 மீட்டர் வேறுபாடு புலனாகும். 5 கிலோமீட்டர் முதல் 20 கிலோமீட்டர் வரையிலான காற்றோட்டத்தை இவ்வாறு வரைய 100 படிகளே தேவை. 1080 வரிசைகள் கொண்ட திரை அதற்குத் தாராளம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2024 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோளின் வெப்பக் கதிர்ப் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 4 கிலோமீட்டர். சில கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள திருச்சானூரும் திருப்பதியும் அதில் அடுத்தடுத்த ஓரிரு புள்ளிகளே. எத்தனை விலையுயர்ந்த திரையும் அவற்றுக்கிடையே மேகத்தின் ஓரத்தைக் காட்டாது.

திரை வாங்கச் செல்வோர் இருமொழி எழுத்துகளும் சில எண்களும் கொண்ட ஒரு பக்கத்தை உடன் கொண்டு சென்று, கடையிலேயே திறந்து, வழக்கமாக அமரும் தொலைவிலிருந்து படித்துப் பார்த்தல் நலம். கடைக்காரர் காட்டும் மலர்த்தோட்டப் படம் எல்லாத் திரையிலும் அழகாகவே இருக்கும்.