பனிக்குள்ள ஒரு ஹீட் ட்ரான்ஸ்ஃபர் கிளாஸ்

இக்ளூன்னா பனி வீடுன்னுதான் ஸ்கூல்ல படிச்சோம். இனுயிட் மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'வீடு' என்றுதான் அர்த்தம்.

காற்றில் இறுகிய பனியைக் கத்தியால் வெட்டி, சுருளாக அடுக்கிக் கட்டுவார்கள். பனிக்குள் சிக்கிய காற்றே இன்சுலேஷன். வாசல் தாழ்வாகவும், படுக்கும் மேடை உயரமாகவும் இருக்கும். குளிர்காற்று கீழேயே தங்கிவிடும். நம்ம சிலபஸ்தான்!

ஓவியர் கெனோஜுவாக் அஷெவாக் 1927இல் இப்படி ஒரு பனி வீட்டில்தான் பிறந்தார். 1960இல் அவர் வரைந்த 'மந்திர ஆந்தை'யைக் கல்லில் செதுக்கி அச்செடுத்தார்கள். 1970இல் அது கனடாவின் தபால்தலையானது. இடையில், பிள்ளைகளின் படிப்புக்காக அவர் கேப் டார்செட் ஊருக்குக் குடிபெயர்ந்தார்.

இனுயிட் மக்கள் இன்னும் இக்ளூலதான் இருக்காங்கன்னு யாராவது சொன்னா, திருத்துங்க. இன்று ஊருக்குள் சாதாரண வீடுகள்தான். பனி வீடு கட்டத் தெரிந்தவர்கள் வேட்டைக்குப் போகும்போது கட்டுகிறார்கள்.