இறாத்தல் எங்கிருந்து வந்தது?

கிலோ வந்து எத்தனையோ வருடமாகியும் கல்முனையில் நாம் 'ஒரு இறாத்தல் பாண்' என்றுதான் கேட்கிறோம். அது அரபிகளின் 'ரத்ல்'. போர்த்துக்கீசரும் அதையே 'அராத்தல்' என்று எடுத்துக்கொண்டார்கள். ரத்லுக்கு மூலம் கிரேக்கரின் 'லித்ரா'. எண்ணெய் அளக்கும் லீற்றரும் அங்கிருந்து வந்ததுதான்!

பெயர் ஒன்று, நிறையோ ஊருக்கு ஊர் வேறு. கெய்ரோவில் ஒரு ரத்ல் சுமார் 450 கிராம், டமஸ்கஸில் சுமார் 1,850 கிராம். கப்பல் வியாபாரத்தின் பெரிய நிறையான 'பஹார்', அதாவது நமது பாரம், இன்னும் மோசம். மலாக்காத் துறைமுகத்தில் மிளகுக்கு ஒரு பஹார், பட்டுக்கு அதைவிடச் சிறிய பஹார். அதனால்தான் 1554இல் அந்தோனியோ நூனிஸ் என்ற போர்த்துக்கீசர், ஒவ்வொரு துறைமுகத்தின் நிறைகளையும் எழுதி ஒரு நூலே தயாரித்தார்.

இந்தத் தொல்லை நம் வீட்டுக்கும் வந்தது. வாப்பா கொப்பரா விற்றவர். அன்று ஒரு கண்டி (ஊரல்ல, நிறை) 560 இறாத்தல். ஐந்து அந்தர். கிலோவில் 254. கிலோ வந்தபின் 250 கிலோவே கண்டி என்றாயிற்று. வாங்கிய முதலாளி பழைய கண்டிக்கு நிறுத்து எடுத்து, புதிய கண்டிக்குக் காசு கொடுத்தார். கண்டிக்கு நாலு கிலோ நட்டம். ஐம்பது கண்டி போன பிறகுதான் வாப்பா கணக்குப் பார்த்தார்: 200 கிலோ! அதன்பின் "உங்கட கண்டி எத்தனை கிலோ?" என்று கேட்காமல் அவர் விலை பேசியதில்லை.