ஒரு திருகாணியும் ஒரு கோட்டையும்

கேள்வி: ‘பிரிசன் பிரேக்’ தொடரை மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். முடிவு தெரிந்தும் நெஞ்சு படபடக்கிறதே, ஏன்?
– வாசகர், மேல்சித்தாமூர்

பதில்: நாயகன் மைக்கேல் பெஞ்சிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றி, தரையில் தேய்த்துத் தேய்த்துச் சாவியாக்குகிறாரே, அந்தக் காட்சியில் இருக்கிறது பதில். மரண தண்டனைக்குக் காத்திருக்கும் அண்ணனுக்காக வேண்டுமென்றே சிறைக்குப் போனவர் அவர். நமக்கும் உடன்பிறப்புகள் உண்டே! 2005இல் வந்த முதல் பருவம்தான் உச்சம். மதிலைத் தாண்டியபின் அந்த இறுக்கம் தளர்ந்துவிட்டது.

நிஜம் இன்னும் திகைக்கவைக்கும். 1995இல் வேலூர்க் கோட்டையில் அடைபட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690 முதல் ஏறத்தாழ எட்டாண்டுகள் வளைத்து நின்றது. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். 1698இல் கோட்டை விழுந்தபோது அவர் அங்கே இல்லை, முன்பே தப்பிவிட்டார்.

ஒரு ஞாயிறு காலை செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறுங்கள். உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவின்மேல் ஒரு பாலம் வரும். அங்கே நின்று கீழே பாருங்கள். ராஜாராம் எப்படி இறங்கிப் போயிருப்பார் என்று யோசித்து எனக்கு எழுதுங்கள்.